பனியில் எங்கே நிற்பது

பனி என்று ஒரே சொல்லைத்தான் நாம் வைத்திருக்கிறோம். மார்கழிக் கோலத்தின் மேல் இறங்குவதும் பனி. விடிகாலையில் வெண்ணாற்றுக் கரையை மூடிக்கொண்டு எதிரே வரும் ஆளை மறைப்பதும் பனி. டிவியில் காஷ்மீரைக் காட்டும்போது வெள்ளையாகக் குவிந்து கிடப்பதும் பனிதான். “தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்” என்று எங்கள் அப்பாயி சொல்லும். ராணுவத்தில் சேர்ந்து வடக்கே போகும்வரை எனக்கும் அந்த ஒரு பனியைத்தான் தெரியும்.

போன வருடம் கார்த்திகை தீபத்துக்கு அக்கா மகன் சென்னையிலிருந்து நீடாமங்கலம் வந்திருந்தான். சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தவன் பேச்சை எடுத்தான்.

“மாமா, ஜனவரியில மணாலி போறோம். நாலு பேரு. சண்டிகர் வரைக்கும் ஃப்ளைட், அங்கேருந்து வாடகைக் கார். நான்தான் ஓட்டப் போறேன். பனியில எப்படி ஓட்டணும்னு சொல்லிக் குடுங்க.”

“ஓட்டுறது அப்புறம் மாப்ளே. எங்க நிக்கணும்னு முதல்ல சொல்றேன்” என்றேன்.

அவன் சிரித்தான். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்று இரவு வாசலில் வைத்த அகல்கள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகும் பேசிக்கொண்டிருந்தோம். நம் பக்கத்திலிருந்து இப்போதெல்லாம் நிறையப் பேர் குளிர்காலத்தில் காஷ்மீர், மணாலி, சிக்கிம் என்று போகிறார்கள். அவர்களில் பலர் தாங்களே வண்டி ஓட்டுகிறார்கள். அவனிடம் சொன்னதை அவர்களுக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

நான் 17 வருடம் ராணுவத்தில் ஏ.எஸ்.சி. பிரிவில் டிரைவர். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், டீசல் என்று மேலே இருக்கிறவர்களுக்கு வேண்டியதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிரிவு அது. அதில் நாலு சீசன் ஸ்ரீநகர்–லே சாலையில் கான்வாய் ஓட்டினேன். அதற்கு முன் நான் பார்த்த பெரிய ஏற்றம் ஆற்றுப் பாலத்து ஏற்றம்தான்.

ஸ்ரீநகரிலிருந்து கங்கன், குண்ட், ககன்கீர், சோன்மார்க், பால்டால் தாண்டினால் சோஜிலா கணவாய் வரும். உயரம் 3,528 மீட்டர், அதாவது 11,500 அடிக்கு மேல். லடாக்கில் இதைவிட உயரமான கணவாய்கள் பல உண்டு. ஆனால் டிரைவர்கள் வாயில் அடிக்கடி வருவது இதன் பெயர்தான். காஷ்மீர்ப் பக்கத்து ஈரக்காற்று முதலில் வந்து மோதுகிற மலை என்பதால் பனி இங்கே அளவில்லாமல் கொட்டும். சாலைக்கு ஒரு பக்கம் செங்குத்தான மலை, மறுபக்கம் பால்டால் பள்ளம். நான் ஓட்டிய காலத்தில் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ மூடினால் ஏப்ரல், மே வரை திறக்காது. மூடுவதற்குள் குளிர்காலம் முழுவதற்குமான சாமான் மேலே போயாக வேண்டும். அதனால் கடைசி கான்வாய்கள் பனியை முந்திக்கொண்டு ஓடுகிற மாதிரிதான் ஓடும்.

அப்படிப்பட்ட ஒரு நவம்பரில், சோஜிலாவுக்கு அப்பால் இருக்கிற திராஸில் சாமானை இறக்கிவிட்டுக் காலி வண்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தோம். என் பக்கத்தில் உஸ்தாத் உட்கார்ந்திருந்தார். மூத்த டிரைவரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கர்வால் மலைக்காரர், சின்ன வயதிலிருந்தே பனியில் நடந்தவர். கும்ரி தாண்டும்போது பனி பிடித்துக்கொண்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு சிவிலியன் லாரி வளைவில் சறுக்கிக் குறுக்கே நின்றுவிட, எங்கள் வரிசையும் நின்றது.

நாங்கள் நின்ற இடத்துக்கு நேர் மேலே மலையில் ஒரு நாலா. உச்சியிலிருந்து சாலை வரைக்கும் வாய்க்கால் வெட்டியது போல ஒரு பள்ளம். இரண்டு பக்கமும் கறுப்புப் பாறை தெரிந்தது. நடுவில் மட்டும் வழவழவென்று வெள்ளை. எனக்கு அது அழகாகத்தான் இருந்தது. சும்மா நிற்கிற நேரத்தில், பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சுற்றியிருக்கும் செயினைச் சரிபார்த்துவிடலாம் என்று கதவைத் திறந்தேன். உஸ்தாத் என் கையைப் பிடித்தார். “மேலே பார்” என்றார் இந்தியில். பார்த்தேன், எனக்கு ஒன்றும் புரியவில்லை. “இது அதன் பாதை. நாம் அதன் பாதையில் நிற்கிறோம். பின்னால் எடு.”

பின்னால் ஆறு வண்டிகள். அவர் இறங்கி ஒவ்வொரு வண்டியாகப் போய்ச் சொன்னார். பனி கொட்டுகிற சாலையில், ஒரு பக்கம் அதலபாதாளம் இருக்க, லாரியை ரிவர்ஸில் எடுப்பது யாருக்கும் பிடிக்காது. சில பேர் சத்தம் போட்டார்கள். அவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. சின்ன டார்ச்சை ஆட்டி ஆட்டி, ஒரு வண்டி நகர்ந்து முடித்த பிறகு அடுத்தது என்று, எல்லாவற்றையும் நூற்றைம்பது மீட்டர் பின்னால் ஒரு பாறை மூக்குக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னால் நின்றவர்கள் ஏற்கெனவே நாலாவைத் தாண்டியிருந்தார்கள். எல்லாம் முடிய அரை மணி நேரம் ஆனது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு, டயருக்கும் விளிம்புக்கும் நடுவே எத்தனை சாண் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து நான் பின்னால் எடுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அதற்கப்புறம் இருபது நிமிடம் இருக்கும். பனிச்சரிவு வந்தால் இடி மாதிரி கேட்கும் என்று நினைத்திருந்தேன். பெரிய வைக்கோல் போர் சரியும்போது வருமே, ‘உஸ்ஸ்’ என்று, அந்த மாதிரிதான் முதலில் கேட்டது. பிறகு ஒரு காற்று. வண்டியே ஆடியது. கண்ணாடி முழுக்க வெள்ளைத் தூள். அது அடங்கிய பிறகு பார்த்தால், நாங்கள் முதலில் நின்ற இடத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு மேடு. மூன்று லாரி நீளம். அதில் ஒருவரும் இல்லை.

மறுநாள் எல்லைச் சாலை அமைப்பின் டோசர் வந்து வழி வெட்டும்வரை அந்தப் பாறைக்கு அடியிலேயே கிடந்தோம். விடிந்ததும் உஸ்தாத் என்னை அந்த மேட்டுக்குப் பக்கத்தில் கூட்டிப்போய்ப் பூட்ஸால் உதைக்கச் சொன்னார். சிமென்ட் போல இருந்தது. விழும்போது தூளாக வருகிற பனி, நின்றவுடன் இறுகிவிடுகிறது. நம் கணக்கில் சொன்னால், சரிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்கு 400 கிலோ வரை இருக்கும். கொள்முதல் நிலையத்து நெல் மூட்டை, அதாவது சிப்பம், 40 கிலோ. மார்பு மேல் பத்துச் சிப்பம் கிடந்தால் யாரால் கையை அசைக்க முடியும்? பனிக்குள் புதைந்தவரை முதல் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பெரும்பாலும் பிழைக்கிறார். அரை மணி தாண்டினால் நம்பிக்கை வேகமாகக் குறைந்துவிடும்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமென்ட் 19-வது பட்டாலியனைச் சேர்ந்த பத்துப் பேர் புதைந்துபோனார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் உண்டு. லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை மட்டும் ஆறு நாள் கழித்து உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். நான் அப்போது ஓய்வுபெற்று ஊருக்கு வந்திருந்தேன். டீக்கடை டிவியில் அந்தச் செய்தி ஓடியபோது எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

மாப்பிள்ளைக்கு இதை எப்படிப் புரியவைப்பது? வீட்டுக்குள் போய் முறத்தையும் ஒரு கை வேதாரண்யம் கல்லுப்பையும் எடுத்து வந்தேன். உப்பை முறத்தில் பரப்பினேன். ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து நாலாக மடித்து உப்பின் மேல் வைத்தேன். “முறத்தை மெதுவா சாய்.” சாய்த்தான். கொஞ்ச தூரம் வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் சாய்த்ததும் துண்டு அப்படியே முழுசாக வழுக்கிக்கொண்டு வந்து அவன் மடியில் விழுந்தது.

மலையில் நடப்பதும் இதுதான். முதலில் விழுந்த பனி சில நாள் கடுங்குளிரில் கிடந்து கல்லுப்பு போல ஒன்றோடொன்று ஒட்டாமல் ஆகிவிடும். அதன் மேல் புதிதாகக் கனமான பனி விழும். மேல்பாளம் அடியில் பிடிப்பு இல்லாமல் நிற்கும். இன்னும் கொஞ்சம் பனியோ, காற்று வாரிக்கொண்டு வந்து குவிக்கிற பாரமோ, ஒரு ஆளின் எடையோ போதும், பாளமாக உடைந்து கிளம்பிவிடும். வேகம் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். கத்தினால், ஹாரன் அடித்தால் பனி சரியும் என்று பலர் நம்புகிறார்கள். அது உண்மை இல்லை, எடைதான் காரணம்.

30 டிகிரிக்குக் குறைவான சரிவில் பனி பெரும்பாலும் தங்கிவிடும். மிகச் செங்குத்தாக இருந்தால் அவ்வப்போது உதிர்ந்துவிடுவதால் குவியாது. நடுவில் இருக்கிற 30 முதல் 45 டிகிரிச் சரிவுகள்தான் ஆபத்து. மலைச்சாலைகள் பல இடங்களில் அந்தச் சரிவுகளுக்கு அடியில்தான் போகின்றன. டிகிரி அளக்கத் தெரியவேண்டும் என்று அவசியம் இல்லை. மரத்தைப் பார்த்தால் போதும். பழைய தேவதாரு மரங்கள் அடர்ந்து நிற்கிற சரிவு என்றால், அங்கே வெகுகாலமாகப் பெரிய பனிச்சரிவு வரவில்லை என்று அர்த்தம். சுற்றிலும் காடு இருந்து, நடுவில் ஒரு பட்டை மட்டும் மொட்டையாக மேலிருந்து கீழே வந்தால் அது பனிச்சரிவின் பாதை. மரங்கள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, மேல்பக்கத்துக் கிளைகள் ஒடிந்திருந்தாலும் அப்படித்தான். சாலையோரத்தில் அழுக்கேறிய பழைய பனிக்குவியல் விசிறி போல விரிந்து கிடந்தால், அங்கே ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்டது. திரும்பவும் அதே வழியில்தான் வரும். ‘பனிச்சரிவுப் பகுதி, நிற்காதே’ என்று போர்டு வைத்திருப்பார்கள். ஜனங்கள் அந்தப் போர்டுக்குப் பக்கத்திலேயே நின்று செல்ஃபி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு வயிற்றைப் பிசையும்.

நேரமும் முக்கியம். பனி கொட்டிக்கொண்டிருக்கும்போதும் அது நின்ற ஓரிரு நாளிலும்தான் பனிச்சரிவு அதிகம். பிரச்சினை என்னவென்றால், இரண்டு நாள் கொட்டிவிட்டு மூன்றாம் நாள் வானம் நீலமாகத் தெளியும். வெயில் அடிக்கும். ஹோட்டலில் அடைந்து கிடந்தவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் காரை எடுப்பார்கள். வெயில் பட்டுப் பனி ஈரமாகி மத்தியானத்துக்கு மேல் சரிவதும் அன்றைக்குத்தான். கிளம்புவதற்கு முன், பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டி.ஆர்.டி.ஓ.வின் கீழ் இருக்கும் டி.ஜி.ஆர்.இ. நிறுவனத்தின் பனிச்சரிவு எச்சரிக்கையையும், உள்ளூர்ப் போலீஸ் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள். 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் காங்டாக்–நாதுலா சாலையில் 15-வது மைல் பக்கம் பனிச்சரிவில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். 13-வது மைல் வரை போகத்தான் அனுமதி கொடுக்கப்பட்டிருந்தது. அந்த இரண்டு மைல் தூரத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உஸ்தாத்தின் நூற்றைம்பது மீட்டர்தான் நினைவுக்கு வரும்.

“சுரங்கப்பாதை எல்லாம் வந்துடுச்சே மாமா” என்றான். வந்திருக்கிறது, சந்தோஷம்தான். மணாலிக்கு மேலே ரோத்தாங் கணவாய்க்கு அடியில் 9.02 கிலோமீட்டர் அடல் சுரங்கத்தை 2020 அக்டோபர் 3 அன்று திறந்தார்கள். சோன்மார்க் சுரங்கம் 2025 ஜனவரி 13 அன்று திறந்தது. நாங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்த ககன்கீர்–சோன்மார்க் பகுதியை இனி குளிர்காலத்திலும் தாண்டலாம். சோஜிலாவுக்கு அடியிலும் வேலை நடக்கிறது. ஆனால் சுரங்கத்துக்குள் இருக்கிற பாதுகாப்பு, அதன் வாசல் வரை போகிற சாலைக்குக் கிடையாது. 2024 டிசம்பரில் மணாலிப் பக்கத்துச் சோலாங்குக்கும் அடல் சுரங்கத்துக்கும் நடுவே நூற்றுக்கணக்கான வண்டிகள் பனியில் மாட்டிக்கொண்டன. சுரங்கத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தவர்களும் மாட்டினார்கள். போகும்போது கறுப்பாக இருந்த சாலை, திரும்பும்போது வெள்ளையாக இருந்தது.

ஓட்டுகிற விஷயம் அவன் கேட்டது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஐஸ் மேல் வண்டி நிற்க, காய்ந்த ரோட்டைவிடப் பத்து மடங்கு வரை தூரம் வேண்டும். அதனால் இடைவெளிதான் உங்கள் பிரேக். இறக்கத்தில் முதல், இரண்டாம் கியரில் இன்ஜின் பிடியிலேயே இறங்குங்கள். பிரேக்கை மிதிக்காதீர்கள், தடவுங்கள். செயின் எந்தச் சக்கரம் இழுக்கிறதோ அதற்குத்தான் போடவேண்டும். நம்மூர்ச் சின்னக் கார்கள் பெரும்பாலும் முன்சக்கரம். செயினைச் சறுக்க ஆரம்பித்த பிறகு ஏற்றத்தில் நின்று போடாதீர்கள். முன்கூட்டியே சமதரையில், மேலே சரிவு இல்லாத இடத்தில் நிறுத்திப் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஐஸ் ஒன்று உண்டு. ஈரத் தார் ரோடு போலவே இருக்கும். பாலத்தின் மேலும், வெயில் படாத வளைவிலும், விடிகாலையிலும் அதை எதிர்பாருங்கள். இரவு நிறுத்தும்போது ஹேண்ட் பிரேக் போட்டால் அது உறைந்து பிடித்துக்கொள்ளும். கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். டீசல் வண்டி என்றால் அந்தப் பக்கத்து பங்கிலேயே நிரப்புங்கள். நம் ஊர் டீசல் கடுங்குளிரில் மெழுகு போல உறையும். லடாக்குக்கென்று மைனஸ் 33 டிகிரி வரை தாங்கும் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்ததே 2019-ல்தான். அதற்கு முன் நாங்கள் மண்ணெண்ணெய் கலந்து ஓட்டினோம்.

நாலாவைக் கடக்க வேண்டியிருந்தால் ஒரு வண்டி முழுசாகத் தாண்டிய பிறகு அடுத்த வண்டி போகட்டும். ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். முன்னால் பனி விழுந்து வழி மூடியிருந்தால், இறங்கி மண்வெட்டியை எடுக்காதீர்கள். திரும்புங்கள். திரும்ப முடியாவிட்டால் பின்னால் எடுங்கள்.

அப்புறம் ஒன்று. இதை அவனை இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னேன். 2022 ஜனவரியில் பாகிஸ்தானில் முர்ரீ மலைக்குப் பனி பார்க்கப் போனவர்கள் ராத்திரி முழுக்க வண்டிக்குள் மாட்டிக்கொண்டார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்கள் மேல் பனிச்சரிவு எதுவும் விழவில்லை. குளிரும் புகையும்தான் எமன். கதகதப்புக்காக இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். சைலன்ஸரைப் பனி மூடிவிட்டால் புகை உள்ளே வரும். அந்தப் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருகிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான். மாட்டிக்கொண்டால் முதலில் இறங்கிச் சைலன்ஸரைச் சுற்றிப் பனியை வாருங்கள். மணிக்குப் பத்து நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டுங்கள். காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடி ஒரு விரல் திறந்திருக்கட்டும். எல்லாரும் ஒரே நேரத்தில் தூங்காதீர்கள். இதற்காகத்தான் டேங்க்கை எப்போதும் பாதிக்குக் கீழே போகவிடக்கூடாது என்பது. கம்பளி, டார்ச், தண்ணீர், ஒரு மண்வெட்டி, கடலை மிட்டாய் வண்டியிலேயே கிடக்கட்டும். பனிச்சரிவில் வண்டியோடு மாட்டினால் இன்ஜினை நிறுத்திவிட்டு வண்டிக்குள்ளேயே இருப்பது நல்லது. 2025 பிப்ரவரி 28 அன்று உத்தராகண்ட் மாணா கிராமத்துப் பக்கம் எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் 54 பேர் பனிச்சரிவில் மாட்டியபோது 46 பேரை உயிரோடு மீட்டார்கள். அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்கள் பல பேரைக் காப்பாற்றின.

இவ்வளவு கேட்டுவிட்டு அவன், “நல்லவேளை மாமா, நம்ம ஊர்ல இதெல்லாம் இல்ல” என்றான்.

நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகுதான் இதுவரை வீட்டில் யாரிடமும் சொல்லாத ஒன்றை அவனிடம் சொன்னேன்.

ஊருக்கு வந்த பிறகு நான் சொந்தக் கார் வைத்து வாடகைக்கு ஓட்டுகிறேன். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு தை மாதம். விடிகாலை ஐந்தரை மணி. மன்னார்குடியிலிருந்து ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ரயிலுக்காகத் தஞ்சாவூர் போய்க்கொண்டிருந்தேன். வடுவூர் ஏரி தாண்டியதும் பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. டிம் லைட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதால் ரோட்டைக் கேட்டுக்கொண்டு மெதுவாகத்தான் போனேன். திடீரென்று முன்னால் ஒரு சுவர். நெல் சிப்பம் ஏற்றிய டிரெய்லர். டயர் பஞ்சர் ஆகி, பாதி ரோட்டில் நின்றது. பின்னால் லைட் இல்லை, ஸ்டிக்கர் இல்லை. ஒடித்த வேப்பங்கிளை ஒன்றை மட்டும் செருகியிருந்தார்கள். டிராக்டரையும் காணோம், ஆளையும் காணோம். நூலிழையில் ஒதுக்கிக் கடந்தேன்.

என் டிக்கியில் சிவப்பு முக்கோணம் இருந்தது. நிறுத்தி, நாற்பது ஐம்பது அடி பின்னால் அதை வைத்துவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அந்த நினைப்பு வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பின்சீட்டிலிருந்து, “அண்ணே, ட்ரெயினுக்கு நேரமாச்சு” என்றார்கள். நான் நிறுத்தவில்லை.

ரயிலில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது அங்கே கூட்டம். பால் கேனோடு மொபெட்டில் வந்த ஒரு பையன் டிரெய்லரின் மூலையில் மோதியிருந்தான். ரோடெல்லாம் பால். ஆம்புலன்ஸ் வருவதற்குக் காத்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை, கால் இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. இப்போதும் விந்தி விந்தித்தான் நடக்கிறான். டீக்கடையில் பார்த்தால் “வாங்கண்ணே” என்பான். அவனுக்கு முன்னால் நான் அந்த வழியாகப் போனேன் என்பது அவனுக்குத் தெரியாது.

உஸ்தாத் அன்றைக்கு ஆறு டிரைவரின் திட்டையும் வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் செலவழித்தார். எனக்கு மூன்று நிமிடம் போதுமாக இருந்தது.

அதற்கப்புறம்தான் நம்மூர்ப் பனியையும் அந்தப் பனியைப் பார்க்கிற மாதிரி பார்க்கக் கற்றுக்கொண்டேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மண் ஊறிக் கிடக்கும். வயலில் ஈரம், வாய்க்காலில் தண்ணீர். தையில் ராத்திரி மேகமில்லாமல், காற்றில்லாமல் இருந்தால் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய ஈரக்காற்று பனிமூட்டமாகிவிடும். சூரியன் வந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்கிறோம். விடிந்த பிறகு சிறிது நேரம் இன்னும் அடர்த்தியாகும். ஆறரை, ஏழு மணிதான் மோசமான நேரம். பள்ளிக்கூட வேன் கிளம்புகிற நேரமும் அதுதான்.

அதே நாட்களில்தான் சம்பா அறுவடை. கதிர் அறுக்கும் மிஷின் ஊர்விட்டு ஊர் போகும். வைக்கோல் ஏற்றிய டிராக்டரில் பாரம் இரண்டு பக்கமும் பிதுங்கிப் பின்லைட்டை மூடியிருக்கும். கொள்முதல் நிலையத்துக்கு வெளியே லாரிகள் வரிசையாக நிற்கும். நெல்லில் 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது என்பதால் விவசாயி ரோட்டில்தான் காயவைக்கிறார். ராத்திரி அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டுச் சுற்றிலும் கல் வைக்கிறார். களம் போதாத ஊரில் அவர் வேறெங்கே போவார்? நான் அவரைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கல்லும் தார்ப்பாயும் பனியில் தெரியாது. தைப்பூசத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் விடிகாலையில் இதே ரோட்டோரத்தில்தான் நடக்கிறார்கள். ஒரு பக்கம் ஆறு, கைப்பிடிச் சுவர் கிடையாது. எதிரே வருகிறவருக்கு ஒதுங்கினால் தண்ணீரில்தான் இறங்கவேண்டும்.

பனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். டிம் போடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது நாலு இன்டிகேட்டரையும் போடாதீர்கள், நிற்கிறீர்கள் என்று பின்னால் வருகிறவர் நினைத்துக்கொள்வார். இடதுபக்க வெள்ளைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஒன்றும் தெரியவில்லை என்றால் ரோட்டில் நிற்கவே கூடாது. பெட்ரோல் பங்க், டீக்கடை வாசல், கல்யாண மண்டபம், எங்கேயாவது ரோட்டைவிட்டு முழுசாக உள்ளே இறங்கிவிட வேண்டும். நீடாமங்கலம் ரயில்வே கேட் எவ்வளவு நேரம் மூடிக் கிடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பனிக்காலத்தில் அந்த வரிசையில் கடைசி வண்டியாக நிற்க நேர்ந்தால் நாலு இன்டிகேட்டரையும் போட்டு, பிரேக் லைட் எரிகிற மாதிரி காலை வைத்துக்கொண்டு, கண்ணாடியில் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பின்னால் ஒருவர் வந்து நின்ற பிறகுதான் மூச்சுவிடுவேன்.

வண்டி பழுதாகி நின்றால், ஆட்கள் வண்டிக்குள்ளும் இருக்கக்கூடாது, வண்டிக்குப் பின்னாலும் நிற்கக்கூடாது. ரோட்டைவிட்டு வரப்பில் இறங்கிவிடுங்கள். முக்கோணத்தை ஐம்பது தப்படி பின்னால் வையுங்கள். வேப்பங்கிளை பகலுக்குத்தான்.

மார்கழி பிறந்தால் தஞ்சாவூரில் சிவப்பு ஒளிரும் டேப் ரோல் நாலைந்து வாங்கி வந்துவிடுகிறேன். கொள்முதல் நிலைய வாசலில் டிராக்டர் நிற்கும்போது, “தம்பி, ஒரு நிமிஷம்” என்று கேட்டுக்கொண்டு டிரெய்லரின் பின்பக்கம் இரண்டு மூலையிலும் ஒட்டிவிடுகிறேன். சேறும் தூசியும் ஒட்டாமல் துணியால் துடைத்துவிட்டுத்தான் ஒட்டவேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் உரிந்துவிடும். சிலர் காசு கொடுக்க வருவார்கள், வாங்குவதில்லை. அந்தப் பால்காரப் பையன் போன தையில் ஒரு நாள் என் கையிலிருந்து ரோலை வாங்கி, கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு மத்தியானம் வரை கூடவே ஒட்டினான். அன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். சொல்லவில்லை. சொல்லவேண்டும்.

ஜனவரியில் மாப்பிள்ளை மணாலியிலிருந்து போன் செய்தான். ராத்திரி ஒன்பது மணி.

“மாமா, ரெண்டு நாளா கொட்டிட்டு இன்னிக்கு வெயில் அடிச்சுது. நேரு குண்டுக்கு மேல 4x4 மட்டும்தான் விடறாங்க. ஒரு டாக்ஸிக்காரர் கூட்டிட்டுப் போறேன்னாரு. இவங்க எல்லாம் போலாம்னாங்க. நாளன்னிக்குப் பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன். எம்மேல கோவமா இருக்காங்க.”

“இருக்கட்டும். வண்டி எங்க நிக்குது?”

“ஹோட்டல் வாசல்ல. கியர்ல போட்டிருக்கேன், ஹேண்ட் பிரேக் போடல, கல்லு வெச்சிருக்கேன்.”

“ஹோட்டலுக்கு மேல என்ன இருக்கு?”

ஒரு நிமிடம் சத்தமில்லை. பகலில் எடுத்த போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். ஹோட்டல் கூரைக்குப் பின்னால் மலை முழுக்கத் தேவதாரு. கிழட்டு மரங்கள், நெருக்கமாக, நேராக நின்றன.

“சரி மாப்ளே, தூங்குங்க” என்றேன்.